நிலநடுக்கம் வந்தால் மலைச் சுரங்கப்பாதை என்னவாகும்? எந்த இடத்தில் ஆபத்து அதிகம்?

2001 செப்டம்பர் 25. புதுச்சேரிக்கு அருகே கடலுக்கு அடியில் 5.5 அளவில் நிலநடுக்கம். ராத்திரி நேரத்தில் வீட்டை விட்டு ஓடிவந்து தெருவில் நின்ற கதையை நம்ம ஊர்ப் பெரியவங்க இன்னமும் சொல்வாங்க. வீட்டில் இருந்தால் வெளியே ஓடலாம். மலைக்குள் போகும் ரயிலில் இருந்தால்?

சும்மா கேட்கும் கேள்வி இல்லை இது. பத்ரிநாத், கேதார்நாத் போகிறவர்களுக்கு வசதியாக உத்தராகண்டில் ரிஷிகேஷ் - கர்ணபிரயாக் ரயில் பாதை போடப்படுகிறது. மொத்தம் 125 கி.மீ. அதில் 100 கி.மீ.க்கு மேல் சுரங்கத்துக்குள்தான். கர்ணபிரயாக் இருப்பது சமோலி மாவட்டத்தில். 1999 மார்ச்சில் பெரிய நிலநடுக்கத்தைப் பார்த்த மாவட்டம் அது.

கட்டடத்தைவிட சுரங்கம் பாதுகாப்பானதா?

பொதுவாக, ஆமாம். அடித்தளம் அசைந்தால் கட்டடத்தின் உச்சி ஊஞ்சல் போல ஆடும். சுரங்கம் சுற்றியுள்ள பாறையோடு சேர்ந்தே அசையும், தனியாக ஆட இடமில்லை. ஆழம் கூடக்கூட அதிர்வும் குறையும். 85 நிலநடுக்கங்களில் பதிவான 192 தகவல்களை 1991-ல் சர்மா, ஜட் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். தரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்த சுரங்கங்களில்தான் சேதம் அதிகம்.

அப்போ பிரச்சனை எங்கே?

முதலில் வாசல். அங்கே மேலே இருக்கும் பாறை மெலிசு, மழையிலும் வெயிலிலும் உளுத்துப்போனது. சரிவு இடிந்து விழுந்தால் உள்ளே சுரங்கம் நன்றாக இருந்தும் வழி அடைபடும். 1999-ல் தைவானை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு சோதித்த 57 மலைச் சுரங்கங்களில் 49-ல் ஏதோ ஒரு சேதம் இருந்தது.

அடுத்தது நிலப்பிளவு. ஜப்பானில் டன்னா ரயில் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, 1930 நவம்பர் 26-ல் நிலநடுக்கம். பிளவின் ஒரு பக்கம் 2 மீட்டருக்கு மேல் விலகிப் போய்விட்டது! பாதையை லேசாக வளைத்து முடித்து, 1934-ல் ரயில் விட்டார்கள். எவ்வளவு கனமாக கான்கிரீட் போட்டாலும் மலை நகர்வதைத் தடுக்க முடியாது. அதனால் இப்போது பிளவைக் கடக்கும் இடத்தில் கொஞ்சம் அகலமாகத் தோண்டி, கான்கிரீட் உறையை இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக அமைக்கிறார்கள்.

ஆபத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

சுரங்கத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் பாறையின் தரம், மேலே உள்ள மலையின் உயரம், பிளவு எவ்வளவு தூரம், கான்கிரீட்டின் நிலை எல்லாம் பார்த்து, இவ்வளவு அதிர்வு வந்தால் வெறும் விரிசலா, இடிந்து அடைக்குமா என்று சாத்தியம் கணக்கிடுவார்கள். 'இந்தச் சுரங்கம் பாதுகாப்பானது' என்று மொத்தமாக ஒரே வரியில் சொல்வதில் அர்த்தமே இல்லை.

சில்க்யாரா ஞாபகம் இருக்கா? உத்தரகாசி மாவட்டத்தில் 2023 நவம்பர் 12-ல் நடந்தது. நிலநடுக்கமே இல்லை. சுமார் 4.5 கி.மீ. சுரங்கத்தில் அடைபட்டது ஏறத்தாழ 60 மீட்டர்தான். 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே சிக்கினார்கள்.

ரிஷிகேஷ் பாதையில் நீளமான சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே தப்பிக்கும் சுரங்கமும் தோண்டுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதன் வாசலும் அதே சரிவில்தான் திறக்கிறதா என்பதையும் பார்க்கணும்.