நீலச் சட்டைக்காரர் சொன்னால் மலை இறங்கலாமா?

செம்மேட்டிலிருந்து நாமக்கல் போய் ஒரு சினிமா பார்த்துத் திரும்பினால் எங்களுக்கு ஒரு நாள் போச்சு. காரவள்ளி அடிவாரத்தைத் தொடுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகள் கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் பை. ராத்திரி ஆட்டம் பார்த்தால் அன்றைக்கே மேலே வர பஸ் கிடையாது, யாராவது சொந்தக்காரர் வீட்டில்தான் படுக்கை. டிக்கெட், பஸ், சாப்பாடு, போன கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். படம் எப்படி என்று முன்கூட்டியே விசாரிப்பது கொல்லிமலையில் சிக்கனத்தில் சேர்ந்த விஷயம்.

என் இளவட்டத்தில் அந்த விசாரணைக்கு ஆனந்த விகடன் இருந்தது. மார்க் போடுவார்கள். பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-இல் வாங்கிய 62½ மார்க்கை, சொந்த மகன் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க் மாதிரி இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. எழுதியவர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை.

இப்போது அந்த இடத்தில் 'புளூ சட்டை' மாறன் உட்கார்ந்திருக்கிறார். 'தமிழ் டாக்கீஸ்' யூடியூப் சேனலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், டீக்கடை பெஞ்சில் கதை சொல்கிற மாதிரி படத்தைப் பிரித்துப் போடுகிறவர். என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். போன தீபாவளிக்குப் படத்துக்குப் போகலாமா என்றேன். போனிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: “வேண்டாம் மாமா. புளூ சட்டை கழுவி ஊத்திட்டாரு.” முடிந்தது. ஒரு குடும்பத்தின் ஐந்து டிக்கெட் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

இவ்வளவு செல்வாக்கு ஒருவருக்குத் தகுமா என்பதுதான் என் கேள்வி. சினிமாக்காரர்கள் பலகாலமாகக் கேட்பதும் இதைத்தான். 2017 ஆகஸ்டில் அஜித்தின் 'விவேகம்' வந்தபோது, மாறன் படத்தை விட்டுவிட்டு நடிகரையே கேலி செய்கிறார் என்று திரையுலகில் பலர் கொதித்தார்கள். 2024 நவம்பரில் 'கங்குவா' அடி வாங்கியதும் பேச்சு இன்னும் சூடானது. தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்களை விடக் கூடாது என்றார்கள். படம் வந்த முதல் 3 நாள் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்துவிட்டது. என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காசு வாங்கிக்கொண்டு விற்கிற பொருளைப் பற்றி மூன்று நாள் வாயை மூடு என்று எந்த வியாபாரி சொல்ல முடியும்?

வியாபாரம் என்றதும் மிளகு ஞாபகம் வருகிறது. எனக்குச் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய கொஞ்சம் கொடி இருக்கிறது. சோளக்காட்டில் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், ஊதிப் பார்ப்பார், பதர் பறக்கும். ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்ப்பார். காய்ச்சல் போதாது, தூசி ஜாஸ்தி என்று குறையாக அடுக்குவார். அத்தனையும் சொல்லி முடித்துக் கடைசியில் ஒரு விலையும் சொல்லியாக வேண்டும். அந்த விலையில்தான் அவர் என் சரக்கை எப்படி எடை போட்டார் என்று எனக்குத் தெரியும். மாறனிடம் எனக்குக் குறையாகப் படுவது அந்தக் கடைசி வார்த்தை இல்லாததுதான். பதர் எல்லாம் பறந்துவிடுகிறது. மீதி எவ்வளவு நின்றது என்பது தெரிவதில்லை.

அவர் பாராட்டிய படங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த வீடியோவை எங்கள் டீக்கடையில் யாரும் யாருக்கும் அனுப்பி நான் பார்த்ததில்லை. கழுவி ஊற்றியதுதான் கைமாறுகிறது. படம் பார்த்துவிட்டு வந்தவன்கூட அதைப் போட்டுச் சிரிக்கிறான். அப்படியென்றால் அவருடைய புகழில் பாதி நகைச்சுவையாளருக்கு உரியது. அதில் தப்பில்லை, நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் சிரிக்க வைத்ததற்குக் கிடைத்த பேரை வைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கலாமா என்று முடிவு செய்யும்போதுதான் சிக்கல்.

அக்கா மகன் கேம் பைத்தியம். கேம் உலகத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவன்தான் காட்டினான். யாட்ஸீ குரோஷா, இங்கிலாந்தில் பிறந்தவர். மஞ்சள் பின்னணியில் பொம்மைப் படம் ஓட, மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் திட்டுவார். 2007-இல் 'தி எஸ்கேப்பிஸ்ட்' என்ற இதழுக்காக 'ஜீரோ பங்க்சுவேஷன்' என்ற பெயரில் தொடங்கியது. அவர் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பாதிதான் எட்டியது. மீதியை மாப்பிள்ளை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். புது கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் விற்கிறதாம், விளையாடி முடிக்க 40 மணி நேரம், 60 மணி நேரம் ஆகுமாம். நாங்கள் மலை இறங்குகிற கணக்கைவிடப் பெரிய கணக்கு. அவரும் தனக்குப் பிடித்ததைக்கூடக் கிண்டல் பண்ணுகிறவர்தான். ஆனால் வருஷக் கடைசியில் சிறந்தவை, மோசமானவை, உப்புச்சப்பில்லாதவை என்று பட்டியல் போட்டுவிடுவார். இவருக்கு எது ருசிக்கும், எது ருசிக்காது என்று அதில் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் அவர் திட்டினாலும் நமக்கு உபயோகம்தான்.

2023 நவம்பரில் அந்த இதழின் ஆசிரியரை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. யாட்ஸீ உள்பட வீடியோ குழுவே வெளியேறி 'செகண்ட் விண்ட்' என்று சொந்தமாகத் தொடங்கியது. பழைய நிகழ்ச்சியின் பெயர் கம்பெனியோடு போய்விட்டது. பார்க்கிறவர்கள் ஆளோடு வந்துவிட்டார்கள். மாறனுக்கும் இது நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கே அவர் வெள்ளைச் சட்டை போட்டாலும் கூட்டம் பின்னால் போகும். அந்த அளவுக்கு அது அவர் சம்பாதித்த பேர். பெரிய ஹீரோ படம் என்றால் பூசி மெழுகுகிற ஊரில் பயப்படாமல் பேசியதற்குக் கிடைத்தது. அதை யாரும் குறைக்க முடியாது.

“நீ ஒரு படம் எடுத்துக் காட்டு” என்பது பழைய வசை. அதற்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். தணிக்கைச் சிக்கலைத் தாண்டி 2021 டிசம்பரில் அவருடைய 'ஆன்டி இண்டியன்' வந்தது. செத்துப்போன ஒருவரின் உடலை எந்த மத முறைப்படி அடக்கம் செய்வது என்ற சண்டைதான் கதை. பிணமாக வருகிறவர் அவரே. துணிச்சலான கதைக்கரு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொஞ்சம் நாடகம் பார்க்கிற மாதிரி வசனத்திலேயே ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் படம் எடுத்ததால் விமர்சகருக்கு ஒரு மார்க் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கர்நாடக சங்கீதத்தைப் பற்றி எழுதிய சுப்புடு டில்லியில் மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தவர். 2007-இல் காலமாகும்வரை வித்வான்கள் அவர் பேனாவுக்குப் பயந்தார்கள். அவர்களில் யாரைவிடவும் நன்றாகப் பாடுவார் என்பதற்காக அந்தப் பயம் வரவில்லை.

எனக்கு நிஜமாகவே உறுத்துவது சின்னப் படங்கள். பெரிய நடிகரின் படத்தை மாறன் எவ்வளவு திட்டினாலும் முதல் வாரம் ரசிகன் போய்விடுவான். புதுமுகம் நடித்த படத்துக்கு நாமக்கல்லில் கிடைப்பது ஒரு காட்சி, சில நேரம் மூன்று நாள். அதற்கும் இதற்கும் ஒரே தொனி, ஒரே சாட்டை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறங்கிப் போவதற்குள் போஸ்டரைக் கிழித்துவிடுகிறார்கள். ஆகவே பெரிய படங்களுக்கு நான் இப்போதும் அவரைக் கேட்கிறேன், பெரும்பாலும் காசு மிச்சமாகிறது. சின்னப் படம் என்றால் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். மாப்பிள்ளை திட்டிக்கொண்டேதான் கூட வருகிறான்.