தோற்றவன் ஏன் எழுவதில்லை?

சூது பொல்லாதது என்பதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆயினும், பொல்லாதது என்று நன்கறிந்தவனும் தோற்ற பின்பு எழுந்து போகாதிருப்பது ஏன்? பேராசை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. அது பாதி விடைதான்.

எங்கள் காஞ்சிபுரத்திலே பட்டுத் தறியில் அமர்பவருக்குச் சேலைக் கணக்கில் கூலி. ஒரு சேலைக்கு இன்ன தொகை என்பது முன்னமே தெரியும். நெய்து முடித்ததைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தவர் சற்றுக் காலாறுவார். பிறகே அடுத்த சேலையைத் தொடங்குவார்.

அமெரிக்க உளநூலறிஞர் ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை 1957-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஒரு பொத்தானை இத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று திட்டமாக அமைத்தபோது, தானியம் தின்ற புறா சிறிது ஓய்ந்திருந்தது. (நெசவாளர் இவ்வொப்புமையைப் பொறுத்தருள்வாராக!) பிறகு, ஒரு வேளை ஐந்தாம் கொத்திலும் மற்றொரு வேளை நூறாம் கொத்திலும் தானியம் விழுமாறு முறையை மாற்றினார்கள். அப்போது புறாவுக்கு ஓய்வென்பதே இல்லை. விடாமல் விரைந்து கொத்தியது. தானியத்தை அடியோடு நிறுத்திய பின்பும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. சூதாட்ட இயந்திரம் பரிசு தருவதும் இம்முறையில்தான் என்று ஸ்கின்னரே எடுத்துக்காட்டினார்.

இன்னொரு கண்ணியும் உண்டு. லாட்டரிச் சீட்டில் ஓர் இலக்கம் மட்டும் தவறிவிட்டால், "மயிரிழையில் போயிற்றே!" என்கிறோம். நம் மாநிலத்தில் 1968-இல் அரசே தொடங்கிய லாட்டரி, இடையில் நின்றும் தொடர்ந்தும், 2003-இல் எல்லா லாட்டரிகளும் தடுக்கப்படும்வரை இப்பெருமூச்சு தெருவெங்கும் கேட்டது. ஓர் இலக்கம் தவறினாலும் ஆறும் தவறினாலும் நட்டம் ஒன்றுதான். ஆனால் மனம் அவ்வாறு எண்ணுவதில்லை. 2009-இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் ஆடுவோரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். நூலிழைத் தோல்வி கசந்ததென்றே ஆடியவர்கள் கூறினர். எனினும் வெற்றியின்போது கிளர்ச்சியுறும் பகுதிகள் அப்போதும் கிளர்ச்சியுற்றன. ஆட வேண்டுமென்ற ஆவலும் மிகுந்தது. அதிலும் ஒரு நுட்பம்: படத்தைத் தாமே தேர்ந்தெடுத்த ஆட்டங்களில்தான் அவ்வாவல் மிகுந்தது. தன் கைத்திறன் என்னும் மயக்கம் அங்கே புகுந்துவிடுகிறது.

கணக்கு வகுப்பில் நான் நாணயத்தைச் சுண்டச் சொல்வதுண்டு. தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்தால், "இனிப் பூதான்!" என்று வகுப்பே கூவும். நாணயத்துக்கு நினைவேது? 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழல் வட்டத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே வந்தது. இனிச் சிவப்பே வரும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைப் பெருக்கிக் கட்டியவர்கள் பெருந்தொகை இழந்தார்கள்.

இவ்வளவும் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஓர் ஆட்டம் முடிந்த நொடியிலேயே அடுத்தது திறக்கிறது, காலாற இடமில்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வந்த விதிகள், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடிவைக்கக் கட்டளையிட்டன. ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆகஸ்டில், அத்தகைய விளையாட்டுகளை முற்றிலும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றமே இயற்றியது.