மழைக்கணக்கு சரி, விளைச்சல் எங்கே?

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை, நாற்பதாம் நாளை ஒட்டி விழுது இறக்கத் தொடங்கும். அப்போது செம்மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். மூன்று வாரம் மழை தவறி மேல்மண் இறுகிப்போனால் விழுது மண்ணைத் துளைக்க முடியாமல் வெளியிலேயே காய்ந்துவிடும். அதன் பிறகு செப்டம்பர் கடைசியில் கொட்டித் தீர்க்கிற மழை கொடியைப் பச்சையாக்கும், காயைத் தராது. ராசிபுரம், எருமப்பட்டிப் பக்கத்து விவசாயி செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மாட்டுக்குப் போடுவார். பருவம் முடிந்து மழைமானிக் கணக்கைக் கூட்டினால், அந்த வட்டாரத்தில் 'இயல்பான மழை' என்று வரும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இனி அதிகம் பார்க்கப்போவது இந்த மாதிரி வறட்சியைத்தான். கண்ணுக்குத் தெரிகிற பெரிய வறட்சிக்கு அரசு இறங்கி வரும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் கிடைத்தது, நிலவரியும் தள்ளுபடியானது. பருவத்தின் நடுவில் மூன்று வாரம் வந்து போகும் வறட்சிக்கு அப்படி ஓர் அறிவிப்பு தானாக வருவதில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது? ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டு அறிக்கையின்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. 1951–1980 காலத்தோடு ஒப்பிட்டால், 1981–2011 காலத்தில் தென்மேற்குப் பருவமழையின் நடுவே வரும் மழையற்ற இடைவெளிகள் 27 விழுக்காடு கூடியிருக்கின்றன. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் வறட்சியின் எண்ணிக்கை, கடுமை, பரப்பு மூன்றுமே கூட வாய்ப்பு அதிகம் என்றும் அந்த அறிக்கை எச்சரிக்கிறது.

காரணம் எளிது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை வரும்போது பேய்மழையாக வருகிறது. வராத நாட்களில் அதே காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் முன்பைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சுகிறது. பத்து நாள் தாங்கிய ஈரம் ஏழு நாளில் போய்விட்டால், பெய்த மழை குறையாமலேயே வறட்சி வந்துவிடும்.

இந்தக் கணிப்புகளைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். உலகளாவிய காலநிலை மாதிரிகள் பூமியை நூறு கிலோமீட்டருக்கும் மேலான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கொல்லிமலையும் சேர்வராயன் மலையும் அந்தக் கட்டத்தில் கரைந்துபோகும். மலையின் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்வது அதில் தெரியாது. கட்டத்தைச் சுருக்கிப் பார்க்கும் முறைகளும் உண்டு. வெப்பம் ஏறும் என்பதில் எல்லா மாதிரிகளும் ஒத்துப்போகின்றன. வடகிழக்குப் பருவமழை எப்படி மாறும் என்பதில் அந்த ஒற்றுமை இல்லை. ஆகவே 'மழை கூடுமாமே' என்ற செய்தியை நம்பி நிம்மதியாக இருப்பது நமக்குக் கட்டாது. வெயில் கூடுவது உறுதி. அதற்குத்தான் ஆயத்தமாக வேண்டும்.

வறட்சி தண்ணீரோடு முடிவதுமில்லை. சேகோ ஆலைகளை வாழவைக்கும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காய்ச்சலைத் தாங்கும் பயிர் என்று பெயரெடுத்தது. ஆனால் 2020-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, மழையில்லாத வெப்ப நாட்களில்தான் வேகமாகப் பெருகுகிறது. இதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்பவர்களுக்கு: நம் நிலத்தடி கடினப் பாறை. நீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கும். ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் பறந்த போர்களை இந்தப் பகுதியில் அறியாதவர் இல்லை. பல குறுவட்டங்களில் மழை ஊட்டுவதைவிட அதிகமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். அடுத்த போருக்குக் கடன் வாங்குவதை வறட்சிக்கான தீர்வென்று என்னால் சொல்ல முடியாது. சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளை நிரப்பும் மேட்டூர் உபரிநீர்த் திட்டம் நல்ல முயற்சிதான். ஆனால் அதன் பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது: அணையில் உபரி இருந்தால்தான் ஏரிக்கு நீர்.

இனி உரிமைகள். வறட்சி 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அரசுகள் வறட்சியை அறிவிக்கத் தயங்குவதைக் கண்டித்து, வறட்சி மேலாண்மைக் கையேட்டைத் திருத்தச் சொன்னது. அதே ஆண்டு வந்த புதிய கையேடு, பருவத்தின் மொத்த மழையோடு, மூன்று நான்கு வாரம் தொடரும் மழையற்ற இடைவெளியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இது நமக்கு மிக முக்கியம். வறட்சி அறிவிப்புக் கோரி மனு எழுதும்போது 'மழை இல்லை' என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை மழை இல்லை, அப்போது பயிருக்கு எத்தனை நாள், எந்தப் பருவம் என்று எழுதுங்கள். 2024-இல் ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருப்பதும் ஓர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளிலிருந்து வருவித்தது.

பணமாக என்ன கிடைக்கும்? 2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிதி விதிப்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமானால் எக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். உச்சவரம்பு இரண்டு எக்டேர். மானாவாரிக் கணக்கில் ஏக்கருக்கு மூவாயிரத்து ஐந்நூறைக்கூடத் தொடவில்லை. இது போதாது என்பதே என் கருத்து.

ஆகவே பயிர்க்காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். கரீஃப் உணவு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 விழுக்காடு. தோட்டக்கலை, ஆண்டுப் பணப்பயிர்களுக்கு 5 விழுக்காடு. 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை. எனவே வங்கி பிடித்திருக்கும் என்று இருந்துவிடாமல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வறட்சி இழப்பு உங்கள் வயலை மட்டும் வைத்துக் கணக்கிடப்படாது. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி மகசூலை, பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனை உங்கள் ஊரில் என்று, எந்த வயலில் நடக்கிறது என்று கேட்டு நேரில் போய் நில்லுங்கள். தொகை வரவில்லையென்றால் 14447-இல் புகார் சொல்லலாம்.

குத்தகைக்கு உழுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நிவாரணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போய்விடுகிறது. காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிவுசெய்யவும் வழி உண்டு. குறைந்தபட்சம், பயிரிடுபவர் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பது விதைத்த மாதமே அடங்கலில் ஏற வேண்டும். காய்ந்த பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றால் வயலில் காட்ட ஒன்றும் இருக்காது.

ஊராகச் சேர்ந்து கேட்பதற்குக் கிராம சபை இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் அது கூடுகிறது. ஏரி வரத்து வாய்க்கால் தூர்வாருவதையும், வறட்சி அறிவிப்புக் கோரிக்கையையும் தீர்மானமாக எழுத வைத்துக் கையெழுத்திடுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தின் நகலைக் கொடுங்கள். பதில் வராவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டு உங்கள் வட்டாரத்தின் வாராந்திர மழை அளவைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். எந்த மனுவாக இருந்தாலும், நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.