காப்புரிமை ஆய்வும் புதிய பொருள் வடிவமைப்பும்

காப்புரிமை ஆய்வு என்பது பிறர் பதிவு செய்த கண்டுபிடிப்பு ஆவணங்களைப் படித்து, எதற்குப் பாதுகாப்பு உண்டு, எது எல்லோருக்கும் பொது என்று அறிவதாகும். புதிய பொருளுக்கான யோசனை பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது.

பஜாஜ் – டிவிஎஸ் வழக்கைப் பார்ப்போம். சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் 2002இல் விண்ணப்பித்து, 2005இல் காப்புரிமை பெற்றது (எண் 195904). 2007இல் டிவிஎஸ் அறிவித்த 125 சிசி 'ஃபிளேம்' பைக்கிலும் இரண்டு பிளக்குகள் இருந்தன. தன் எஞ்சினில் மூன்று வால்வுகள் உள்ளன, இரட்டை பிளக் ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே உண்டு என்று டிவிஎஸ் வாதிட்டது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஃபிளேம் ஒற்றை பிளக்குடன் விற்பனைக்கு வந்தது. தடை நீங்கியது 2009இல்தான்.

ஆவணத்தில் முதலில் படிக்க வேண்டியது தலைப்பை அல்ல, இறுதியில் வரும் உரிமைக்கோரல்களை. பஜாஜின் கோரல் சிலிண்டர் விட்டத்தை 45 முதல் 70 மி.மீ. என்று வரையறுத்தது. கோரலில் உள்ளவற்றோடு கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பதால் பொதுவாகத் தப்ப முடியாது. அதிலுள்ள ஒரு கூறையாவது விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் வழி வேண்டும். உண்மையான புதுமை அப்போதுதான் பிறக்கிறது.

காப்புரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். மேற்சொன்னது 2022இல் முடிந்தது. அந்த நுட்பம் இனி யாருக்கும் பொது. கீழ்க்கட்டளையில் பட்டறை வைத்திருப்பவர் இதையெல்லாம் அறியக் கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. அதன் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் புதிய விண்ணப்பங்கள் வழக்கமாக 18 மாதங்கள் வெளியிடப்படுவதில்லை. தேடலில் அவை அகப்படா.