வீட்டுப் பட்டறை – 9: அலுமினியத்துக்கு எந்த மெஷின்?

விருத்தாசலத்துக்காரர்களுக்குக் களிமண்ணைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண், இந்த ஊர் செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகளில் ஃப்யூஸ் கேரியராகவும் இன்சுலேட்டராகவும் பொம்மையாகவும் வெந்து வெளியே வந்தது. அந்த வெள்ளைக் களிமண் சுத்தமாக இருந்தால், எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் அலுமினா. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் அலுமினா. ஆர்கான் வெல்டிங் டார்ச்சின் முனையில் இருக்கிறதே இளஞ்சிவப்பு நாசில், அதுவும் அலுமினாதான். ஒட்ட வேண்டிய அலுமினியத் துண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய தோலும் அதேதான். வீட்டில் அலுமினியம் ஒட்ட நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தத் தோலை. எந்த மெஷின் வாங்குவது என்பதை முடிவு செய்வதும் இதுதான்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். மேலே இருக்கும் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை எடுக்காமல் சூடேற்றினால் உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும், மேலே தோல் பை மாதிரி அப்படியே நிற்கும். இரண்டு ஓரமும் உருகியிருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேராது. இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்தால் திடீரென்று ஓட்டை விழும். இரும்பு சிவந்து, பிறகு மஞ்சளாகி எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாது. இரும்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தவும் செய்யும். அதனால் தொடக்கத்தில் சூடு போதாது, முடிக்கும்போது சூடு அதிகமாகிவிடும்.

சென்ற வாரம் பார்த்த ஆர்க் மெஷின் டிசி கரண்டில் ஓடுவது. ஆர்கான் வெல்டிங்குக்குக் கடையில் ‘டிக் 200’ என்று எழுதி விற்கும் விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலானவையும் டிசி மட்டுமே. எவர்சில்வருக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். அலுமினியத்துக்கு உதவாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பணத்தைப் போட்டவர்கள் நிறையப் பேர். டிக்கில் அலுமினியம் ஒட்ட ஏசி வேண்டும். ஏசியில் கரண்ட் நொடிக்குப் பல முறை திசை மாறுகிறது. டார்ச்சின் டங்ஸ்டன் முனை பாசிட்டிவாக இருக்கும் பாதியில் தோல் உடைந்து விலகும், நெகட்டிவாக இருக்கும் பாதியில் சூடு வேலைக்குள் இறங்கும். உருகிய இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால் தோல் உரிகிறது என்று அர்த்தம். ஆகவே மெஷினின் பெயரைப் பார்க்காதீர்கள். முன்பக்கப் பலகையில் ‘ஏசி/டிசி’ என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். விலை டிசி மெஷினைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். அந்தப் பணம் தோலை உரிப்பதற்கான பணம்.

ஏசி இருந்தால் மட்டும் போதாது. முனையை வேலையில் தொடாமலே ஆர்க் பற்றும் ஹை ஃப்ரீக்வென்சி வசதி வேண்டும். தொட்டு உரசிப் பற்றவைத்தால் டங்ஸ்டன் அழுக்காகிவிடும். கால் பெடல் இருந்தால் நல்லது, சூடு ஏற ஏறக் காலைத் தளர்த்திக் கரண்டைக் குறைக்கலாம். புதிதாகக் கற்பவருக்குப் பெடலைப் போல் கைகொடுக்கும் துணைச்சாமான் வேறில்லை.

எத்தனை ஆம்ப்? ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்ப் என்பது பட்டறைக் கணக்கு. ஜன்னல் சட்டம், பைக் இன்ஜின் மூடி எல்லாம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும், அதாவது 120 ஆம்ப். இந்த அளவு வரை வீட்டின் 16 ஆம்ப் பிளக்கில் சமாளிக்கலாம். 200 ஆம்புக்கு முறுக்கினால் மெஷின் வீட்டு லைனிலிருந்து 25 ஆம்புக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி ஒயர், தனி எம்சிபி வேண்டும். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கேட்டே செய்யுங்கள்.

அடுத்தது வாயு. சுத்தமான ஆர்கான் மட்டும்தான். இரும்புக்கான மிக்ஸ் கேஸில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும், அது அலுமினியத்தைக் கருக்கிவிடும். பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர், 10 லிட்டர் சின்ன சிலிண்டரில் சுமார் ஒன்றரை கன மீட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் திறந்தால் சின்னது இரண்டரை மணி நேரம் வரும். வீட்டு வேலைக்கு அதுவே மாதக்கணக்கில் போதும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி நிறுத்துங்கள்.

நம் ஊர் வெயில் ஒரு தனிப் பிரச்சினை. மெஷினில் ‘60 சதவீதம், 40 டிகிரி’ என்று போட்டிருப்பார்கள். சுற்றுப்புறம் 40 டிகிரியாக இருக்கும்போது பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம் என்று பொருள். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சூடு அதையும் தாண்டும். சரி, ஃபேன் போடலாம் என்றால் காற்று ஆர்கானை அடித்துக்கொண்டு போய்விடும், ஒட்டு முழுக்கத் துளை விழும். அதிகாலையில் வேலை செய்வதுதான் ஒரே வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜனை உருகிய அலுமினியம் தாராளமாக இழுத்துக்கொள்ளும், இறுகும்போது வெளியே தள்ளும். ஒட்டில் ஊசிமுனைத் துளைகள் வருவது அதனால்தான். துண்டை முதலில் அசிட்டோனால் துடைத்து எண்ணெயை எடுங்கள். பிறகு அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் பிரஷால் தேய்த்து, உடனே ஒட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஆர்க் பட்டால் அதிலிருந்து நுரையீரலை அழிக்கும் வாயு வரும்.

டங்ஸ்டனில் சிவப்பு முனை கொண்டது தோரியம் கலந்தது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் அதே கதிர்வீச்சுத் தனிமம்தான். அதைத் தீட்டும்போது பறக்கும் தூசியை வீட்டுக்குள் சுவாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. நீல முனை கொண்ட லாந்தனம் டங்ஸ்டன், 2.4 மில்லிமீட்டர், எல்லா வேலைக்கும் சரியாக வரும். ஃபில்லர் ராடில் 4043 ஒரு கட்டு வாங்கினால் போதும். வார்ப்புக்கும் ஜன்னல் செக்‌ஷனுக்கும் அதுவே பொருந்தும்.

மெஷின் வாங்காமல் முடியாதா என்று கேட்பவர்களுக்கு: டிசி ஆர்க் மெஷினில் போடும் அலுமினிய ராடு உண்டு. 3 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டை போடும், அதன் கசடை வெந்நீரில் கழுவாவிட்டால் உலோகத்தையே அரிக்கும். கம்பியைத் தானாக ஊட்டும் மிக் மெஷினில் ஸ்பூல் கன் மாட்டலாம், ஆனால் மெல்லிய துண்டுக்குக் கட்டுப்பாடு போதாது. கேஸ் டார்ச்சில் 400 டிகிரிக்குள் உருகும் துத்தநாகக் கலவை ராடு சின்னக் கசிவை அடைக்கும். அதைச் சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள். புளிக்குழம்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

பாத்திரம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். இன்றும் பழைய அண்டாக்களின் கைப்பிடியைப் பாருங்கள், ரிவெட் அடித்திருப்பார்கள். பிடி கழன்றால் மறுபடி ரிவெட் அடிப்பதே நல்லது. ஏணிக்கும் இது பொருந்தும். கடினமாக்கிய அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும், ஆள் ஏறும் படியில் அது ஆபத்து. குக்கர், பைக்கின் அலாய் வீல், பெட்ரோல் டாங்க் மூன்றையும் வீட்டில் தொடவே வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டு மூன்று வேலைதான் வருமென்றால் மெஷின் வாங்காதீர்கள், ஆர்கான் வெல்டிங் பலகை மாட்டிய பட்டறைக்குக் கொடுங்கள். மாதம் தவறாமல் வேலை வருகிறவருக்கு ஒற்றை ஃபேஸில் ஓடும் 200 ஆம்ப் ஏசி/டிசி டிக்தான் சரி. வாங்கும் முன் உடைந்த அலுமினியத் துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். உங்கள் கண்ணெதிரே அதை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.