ஈரக் காற்றும் உண்மை நகலும்

சென்ற மழைக்காலத்தில், மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய கடையொன்றில் பட்டாவை நகலெடுத்தேன். செங்கல்பட்டில் விண்ணப்பத்துடன் கொடுத்தபோதுதான் தெரிந்தது: புல எண்ணில் இருந்த 8, நகலில் வெளிறி 3 ஆகியிருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்தது.

நாம் 'ஜெராக்ஸ்' என்றழைக்கும் இம்முறைக்கு வித்திட்டவர் செஸ்டர் கார்ல்சன். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் முதல் நகலை எடுத்தார். ஒளியுணர் பரப்பு இருளில் மின்னூட்டம் பெறுகிறது. மூலத்தாளின் வெண்பகுதியில் பட்டுத் திரும்பும் ஒளி விழுந்த இடங்களில் அது வடிந்துவிடுகிறது. எழுத்துகளின் நிழலில் மட்டும் தங்குகிறது. அங்கே மைத்தூள் ஒட்டுகிறது. தாளுக்குப் பின்னிருந்து தரப்படும் மின்னூட்டம் தூளைத் தாளுக்கு இழுக்க, வெப்பம் அதை உருக்கிப் பதிக்கிறது. இன்றைய இயந்திரங்கள் லேசர் ஒளியால் எழுதினாலும் அடிப்படை இதுவே.

கடலோர ஈரத்தை உறிஞ்சிய தாளிலோ அந்த மின்னூட்டம் கசிகிறது. தூள் முழுமையாக ஏறுவதில்லை. தாள்கட்டைப் பிரித்துப் போடாமல் மூடி வைப்பது கடைக்காரரின் கடமை.

நம் கடமை வேறு. 'உண்மை நகல்' என்று கையொப்பமிடுவது இயந்திரமன்று, நாம். அதற்கு முன் எண்களையேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.