மலைப்பாதைக்கு எடை குறைந்த பைக் ஏன் ஏற்றது?

ஆழியாறு அணையையும் குரங்கு அருவியையும் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. வால்பாறை போய்ச் சேர்வதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. 9ஆம் வளைவில் நின்று பார்த்தால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். விடுமுறை நாட்களில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இளைஞர்கள் பைக்கில் கிளம்பி வரும் பாதை இது. எல்லோருக்கும் ஆசை பெரிய வண்டி மேல்தான். ஆனால் இந்தப் பாதையில் காலையில் ஏறி மாலையில் இறங்குபவருக்கு, 160 முதல் 175 கிலோ எடையுள்ள, 250–310 சிசி ஸ்போர்ட் டூரர் வண்டியே பொருத்தமானது. அதற்கான காரணங்கள் தெளிவானவை.

ஸ்போர்ட் டூரர் என்பது இரண்டு வகை வண்டிகளுக்கு நடுவே நிற்பது. ரேஸ் பைக்கில் உடலை மடக்கி டேங்க் மேல் படுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டும் முதுகும் வலிக்கும். நெடுந்தூர டூரரில் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் வண்டி நீளம், எடையும் அதிகம். ஸ்போர்ட் டூரரில் ஹேண்டில்பார் சற்று உயரம், ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் பின்னால், காற்றைத் தடுக்க முன்பக்கம் ஃபேரிங். நாள் முழுக்க ஓட்டலாம், வளைவு வந்தால் சாய்க்கவும் சாய்க்கலாம். இந்திய இளைஞர்களுக்கு இந்த ருசியைப் பரவலாகக் காட்டியது 2003இல் வந்த 223 சிசி ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 2011இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2017 டிசம்பரில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2019இல் சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 என்று அந்த வரிசை நீண்டது.

வளைவில் எடை என்ன செய்கிறது? பலர் நினைப்பதற்கு மாறாக, கனமான வண்டியை அதிகம் சாய்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாய்வுக் கோணத்தைத் தீர்மானிப்பவை வேகமும் வளைவின் ஆரமும்தான்; கணக்கில் எடை அடிபட்டுப் போகும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை 30 கி.மீ. வேகத்தில் எடுத்தால் எந்த வண்டியும் சுமார் 25 டிகிரி சாய வேண்டும். அதே வளைவில் 40 கி.மீ. போனால் அது 40 டிகிரியாகிவிடும். வேகத்தில் 10 கி.மீ. கூடியதற்கே இவ்வளவு வித்தியாசம் என்பதை மலையேறுபவர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். டயர் அகலமானால் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் பக்கவாட்டில் நகர்கிறது. ஆர்ஆர் 310இன் பின் டயர் 150 மி.மீ. அகலம், ஹயபுசா போன்ற பெரிய பைக்கினுடையது 190.

எடையின் வேலை தொடங்குவது, நிமிர்ந்திருக்கும் வண்டியைச் சாய்ப்பதிலும் சாய்ந்ததை நிமிர்த்துவதிலும். இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம், வண்டி சாய்கிறது. அடுத்த வளைவு வலப்பக்கம் என்றால், இடையிலுள்ள சிறு தூரத்துக்குள் அதை நிமிர்த்தி மறுபக்கம் சாய்க்க வேண்டும். 161 கிலோ ஜிக்ஸர் எஸ்எஃப் 250க்கு உள்ளங்கை அழுத்தமே போதும். ஏறக்குறைய 265 கிலோ ஹயபுசாவுக்குத் தோளும் இடுப்பும் சேர்ந்து உழைக்க வேண்டும். சக்கரங்களுக்கு இடையிலான நீளமும் இதில் சேரும்: ஜிக்ஸரில் 1,345 மி.மீ., ஹயபுசாவில் 1,480 மி.மீ. ஒரு வளைவில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏறி இறங்கினால் 80 கொண்டை ஊசி. அவற்றுக்கு நடுவே எண்ணிலடங்காத சிறு வளைவுகள். உடல் களைத்த பிறகுதான் பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது, கண் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறது.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. ஏறும்போது 28ஆவது வளைவில் திரும்புகிறீர்கள், எதிரே அரசுப் பேருந்து இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். நீங்கள் நின்றே ஆக வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால், ஏறும்போது இடப்பக்கக் கொண்டை ஊசிதான் கடினம். உள்விளிம்பில் வளைவு மிகக் குறுகல், சரிவோ மிகச் செங்குத்து. அங்கே ஒரு காலை ஊன்றி, மறுகாலில் பின்பிரேக்கை அழுத்திக்கொண்டு, பேருந்து போனதும் கிளட்சை விட்டு மீண்டும் கிளம்ப வேண்டும். பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்கள் பலர் கீழே போடுவது வேகத்தில் அல்ல, இப்படி நிற்கும்போதுதான். கால் ஊன்றிய இடம் பள்ளமாக இருந்து 265 கிலோ ஒரு பக்கம் சரியத் தொடங்கினால் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. 165 கிலோ என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

சக்தி குறைவாயிற்றே என்ற கவலைக்கு வருவோம். 160 கிலோ வண்டியும் 80 கிலோ மனிதரும், 7 சதவீதச் சரிவில் 40 கி.மீ. வேகத்தில் சீராக ஏற, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் சேர்த்தாலும் 5 குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. எஸ்எஃப் 250இல் இருப்பது 26.5. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைந்து இன்ஜின் சக்தி இழக்கும் என்பது உண்மை. வால்பாறை உயரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கும், ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கும் போகும். போனாலும் மிச்சம் தாராளமாக இருக்கிறது. 180 குதிரைத்திறனுக்கு மேலுள்ள வண்டியில் ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி திருப்புவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சிறிய வண்டியில் இரண்டாம் கியரில் முறுக்கி, மூன்றாம் கியருக்குப் போய், மீண்டும் இரண்டுக்கு இறங்கி, வண்டியின் திறன் முழுவதையும் பயன்படுத்தி ஓட்டலாம். மலைப்பாதையில் பைக் ஓட்டும் மகிழ்ச்சி என்பதே இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நெடுஞ்சாலையில்கூட, நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த உச்ச வேகம் 80 கி.மீ.தான்.

எடையைக் குறைத்தால் மட்டும் போதாது, அதைச் சரியான இடத்தில் வைக்கவும் வேண்டும். ஓசூரில் தயாராகும் ஆர்ஆர் 310 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் செய்த ஒப்பந்தத்தில் பிறந்த அதன் இன்ஜினில் சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். காற்று முன்புறம் நுழைந்து, புகை பின்புறம் வெளியேறும். இதனால் இன்ஜினின் எடை முன்சக்கரத்தின் பக்கம் நகர்கிறது. வண்டியின் நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக வைக்க முடிகிறது. வளைவுக்குள் நுழையும்போது முன்டயர் தரையைப் பிடித்திருக்கும் நம்பிக்கை கைக்குத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இறங்கும் பயணத்தில் எடை வேறு விதமாகப் பேசும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாகக் கரைந்தாக வேண்டும். பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில், மீதி இன்ஜினில். ஓட்டுநரோடு 345 கிலோ எடை இறங்கினால், 240 கிலோவைவிட 40 சதவீதத்துக்கும் அதிகமான வெப்பம். பெரிய வண்டிகளுக்குப் பெரிய பிரேக் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிறிய வண்டியை இரண்டாம் கியரில் போட்டு இறக்கினால், ஒற்றை சிலிண்டர் இன்ஜினே பாதி பிரேக் வேலையைப் பார்த்துவிடும். நியூட்ரலில் இறங்குவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், பிரேக் ஆயில் கொதித்தால் லீவர் வெறுமனே உள்ளே போகும்.

குறைகளும் உண்டு. பின்னால் ஒருவரை ஏற்றி, பையும் கட்டினால் 80 கிலோ கூடும். அது வண்டியின் எடையில் பாதி. பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, வண்டி வளைவில் வெளிப்பக்கம் போகப் பார்க்கும். பின் சஸ்பென்ஷனை இறுக்கி, டயர் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்றாமல் கிளம்பக் கூடாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிச் சாலையில் குறுக்கே வீசும்போது ஃபேரிங் உள்ள லேசான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். சென்னையிலிருந்து ஒரே மூச்சில் 500 கி.மீ. ஓட்டி வருபவருக்கு ஒற்றை சிலிண்டரின் அதிர்வு கையில் தெரியும். அவர்களுக்கு இரட்டை சிலிண்டர் இன்ஜின் நல்லது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்றாலும், சாதாரண ஏபிஎஸ் நன்றாக வேலை செய்வது வண்டி நிமிர்ந்திருக்கும்போதுதான். ஈரச் சாலையில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

விலையும் இப்போது சிறிய வண்டிக்குச் சாதகமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைச் சிறு ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நடை வேகத்தில் எட்டு போட்டுப் பாருங்கள். இரண்டும் சிரமமாக இருந்தால் அந்த வண்டி வால்பாறைக்கு வேண்டாம். பெரிய இன்ஜினுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் நல்ல டயர், ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் வாங்குங்கள். மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இறங்கும்போது மறக்காமல் வழிவிடுங்கள்.